எங்கள் கையைக் கட்டினால் நீங்களாவது வாருங்கள்: மினி டிராக்டர் விற்போருக்கு ஒரு திறந்த மடல்

டிராக்டர் இறக்குமதி செய்யும் கம்பெனிகளுக்கும், அவற்றின் டீலர்களுக்கும், சர்வீஸ் பகுதியைப் பார்த்துக்கொள்ளும் மேலாளர்களுக்கும் வணக்கம்.

மலேசியாவின் பேரா மாநிலத்தில் இருக்கும் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். எங்களுக்கு ஆறு ஏக்கர் செம்பனை, அதாவது எண்ணெய்ப் பனை, இருக்கிறது. அப்பா முப்பத்தொரு வருடம் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டி ஓய்வு பெற்றவர். சேமநிதிப் பணம் கைக்கு வந்ததும் அவர் வீடு கட்டவில்லை, கார் வாங்கவில்லை, இந்த நிலத்தைத்தான் வாங்கினார். அப்போது அது பால்மரக் காடு, அதாவது ரப்பர். மரங்களை வெட்டிச் செம்பனைக் கன்று வைத்தபோது எனக்குப் பதினெட்டு வயது. இன்று நிலத்தைப் பார்ப்பது, ஆள் வைத்துக் குலை வெட்டுவது, பழத்தை எடை போட்டு வாங்கும் ரேம்புக்கு ஏற்றுவது எல்லாம் நான்தான். பக்கத்து நிலக்காரர்கள் மூன்று பேரின் பழத்தையும் என் டிராக்டர்தான் இழுக்கிறது. எல்லாம் சேர்த்து இருபத்திரண்டு ஏக்கர் வரும்.

அந்த டிராக்டரை 2023 ஜனவரியில் வாங்கினேன். மூன்று சிலிண்டர் டீசல், 27 குதிரைத்திறன், நான்கு சக்கரமும் இழுக்கும். எந்தக் கம்பெனி, எந்த டீலர் என்று எழுதப்போவதில்லை. என் ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும் வேறு வேறு நிறத்தில் டிராக்டர் வைத்திருப்பவர்களிடம் பேசிப் பார்த்தேன். நிறம்தான் வேறு, கதை ஒன்றுதான். அதனால் இந்தக் கடிதம் உங்கள் எல்லோருக்கும்.

வண்டி நல்ல வண்டி. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லாரி புதைந்துபோகும் மண்ணில் அது ஒரு டன் பழத்தை இழுத்துக்கொண்டு வெளியே வரும். குறுகலான வரிசைகளுக்குள் மட்டையில் இடிக்காமல் திரும்பும். முதல் 50 மணி நேரத்தில் எண்ணெயும் ஃபில்டரும் மாற்றுவதிலிருந்து ஒரு சர்வீஸைக்கூட நான் தவறவிட்டதில்லை. ரசீதுகள் ஒரு பிஸ்கட் டின்னில் வரிசையாக இருக்கின்றன. வாங்கிய நாளில் உங்கள் விற்பனைப் பையன் எங்கள் நிலத்துக்கே வந்து, சேற்றில் இறங்கி, அப்பாவை உட்கார வைத்து ஓட்டிக் காட்டினான். "அக்கா, ஒன்றும் கவலைப்படாதீர்கள், இரண்டு வருடம் அல்லது ஆயிரம் மணி நேரம் வாரண்டி, ஒரு போன் போட்டால் போதும்" என்றான். நல்ல பிள்ளை, அவன் மனதாரத்தான் சொன்னான் என்று இன்றும் நம்புகிறேன்.

2024 அக்டோபர் 7-ஆம் தேதி வண்டி முதல் முறையாக நின்றது.

எப்படி நின்றது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். என் மனக்குறை தொடங்கும் இடமே அதுதான். எங்கள் நிலத்தின் நடுவில் ஒரு கான், அதாவது வாய்க்கால், ஓடுகிறது. கானுக்கு மேல் இரண்டு சிமெண்ட் குழாய் போட்டு மண் கொட்டி ஒரு மேடு கட்டியிருக்கிறோம். டிரெய்லரில் பழம் நிரம்பியிருக்கும்போது அந்த மேட்டில் ஏறினேன். முன்சக்கரம் மேட்டைத் தாண்டி, பின்சக்கரம் பள்ளத்தில் இறங்கிய அந்த நொடியில் எஞ்சின் நின்றது. இருமவில்லை, திணறவில்லை, வேகம் குறையவில்லை. விளக்கை அணைத்ததுபோல் பட்டென்று நின்றது. கியரை நியூட்ரலில் போட்டுச் சாவியைத் திருப்பினேன், உடனே எடுத்தது. மறுபடி கியர் போட்டு நகர்த்தினேன், நான்கு அடி போய் மறுபடி நின்றது.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அவருக்கு இப்போது எழுபத்து நான்கு வயது, காது கொஞ்சம் மந்தம். ஆனால் எஞ்சின் என்றால் அந்தக் காது திறந்துகொள்ளும். "டீசல் கிடைக்காம நின்னா திணறித் திணறித்தான் நிக்கும் பாப்பா. பட்டுன்னு நின்னா அது கரண்டு. எங்கயோ வயர் விட்டுப் போகுது" என்றார். அக்டோபர் 7-ஆம் தேதி சாயங்காலம், சாப்பாட்டு மேசையில், வண்டியைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் அவர் சொன்னது இது.

மறுநாள் உங்கள் சர்வீஸ் எண்ணுக்குப் போன் செய்தேன். மெக்கானிக் இங்கே வர முடியாது, ஆள் பற்றாக்குறை, வண்டியைக் கொண்டுவாருங்கள் என்றார்கள். சரி என்று லாரி பிடித்து 9-ஆம் தேதி ஏற்றி அனுப்பினேன். போக முந்நூறு வெள்ளி (ரிங்கிட்), வர முந்நூறு வெள்ளி. வாரண்டியில் அது சேராது. நானும் கூடவே போனேன். கவுண்டரில் இருந்தவரிடம் மேடு, பாரம், கியர், நியூட்ரல் என்று எல்லாவற்றையும் சொன்னேன். வயராக இருக்கலாம் என்று அப்பா நினைக்கிறார் என்றும் சொன்னேன். அவர் என்னைப் பார்த்துக் கேட்ட கேள்வி, வண்டி ஓட்டுபவர் வரவில்லையா என்பது. நான்தான் ஓட்டுகிறேன் என்றேன். தலையை ஆட்டிவிட்டு ஜாப் கார்டில் எழுதினார். நகலைக் கையெழுத்துப் போட்டு வாங்கிப் பார்த்தபோது அதில் இருந்தது மலாயில் இரண்டே சொல்: எஞ்சின் மாத்தி. எஞ்சின் நின்றுவிடுகிறது, அவ்வளவுதான். மேடு இல்லை, பாரம் இல்லை, கியர் இல்லை, பட்டென்று என்பதும் இல்லை.

அந்த மஞ்சள் நகல் இன்னும் என்னிடம் இருக்கிறது. உள்ளே வேலை செய்யும் மெக்கானிக்குக் கிடைத்ததும் அந்த இரண்டு சொல்தான். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். எஞ்சின் நின்றுபோகிறது என்று மட்டும் சொன்னால் எந்த மெக்கானிக்கும் முதலில் டீசல் பக்கம்தான் போவார்.

அதுதான் நடந்தது. டீசல் சரியில்லை, தண்ணீர் கலந்திருக்கிறது என்றார்கள். டேங்கில் இருந்ததை இறக்கிவிட்டு, ஃபில்டரை மாற்றி, லைனில் காற்றை எடுத்துவிட்டு, 420 வெள்ளி பில் போட்டார்கள். டீசல் கோளாறு வாரண்டியில் வராதாம். டீசலில் தண்ணீர் சேரும் என்பது எனக்கும் தெரியும். நம் நாட்டில் 2019 முதல் பம்பில் ஊற்றும் டீசலில் பத்து விழுக்காடு வரை செம்பனை எண்ணெயிலிருந்து எடுத்தது கலக்கிறார்கள். என் நிலத்துப் பழமும் அதில் ஏதோ ஒரு சொட்டாக இருக்கலாம், அதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அந்தக் கலவை ஈரத்தை அதிகமாக இழுக்கும், பழைய டேங்கின் அழுக்கைக் கரைத்து ஃபில்டருக்குக் கொண்டுவரும். அதனால்தான் நான் வாரம் ஒரு முறை ஃபில்டர் கிண்ணத்தைத் திறந்து அடியில் நிற்பதை வடிக்கிறேன். டேங்கை ராத்திரி நிரப்பித்தான் வைக்கிறேன். அதையும் கவுண்டரில் சொன்னேன். அப்புறம், அந்த வருடம் ஜூன் 10-ஆம் தேதிதான் டீசல் 2.15 வெள்ளியிலிருந்து 3.35 வெள்ளிக்கு ஏறியிருந்தது. அவர்கள் இறக்கிக் கொட்டிய இருபது லிட்டரும் அந்த விலைக்கு வாங்கியது.

அக்டோபர் 16-ஆம் தேதி வண்டி திரும்பி வந்தது. மூன்று மணிக்கு இறக்கினோம். நான்கரை மணிக்கு அதே மேட்டில், அதே பள்ளத்தில், அதேபோல் பட்டென்று நின்றது.

இரண்டாம் முறை அனுப்பியது 21-ஆம் தேதி. இந்த முறை நான் கேட்டது ஒன்றே ஒன்று: யாராவது ஒருவர் எங்கள் நிலத்துக்கு வந்து, பாரத்தோடு ஓட்டிப் பாருங்கள். இல்லையென்றால் உங்கள் முற்றத்திலாவது டிரெய்லரை மாட்டி, கியரில் போட்டு, ஒரு கட்டையின் மேல் ஏற்றி இறக்கிப் பாருங்கள். இரண்டும் நடக்கவில்லை. சிமெண்ட் தரையில் நிறுத்தி, நியூட்ரலில் இரண்டு மணி நேரம் ஓடவிட்டார்களாம், நிற்கவே இல்லையாம். டீசல் பம்பாக இருக்கும், சாமான் ஆர்டர் செய்ய வேண்டும் என்றார்கள்.

சாமான் வரவில்லை. இந்த இரண்டு சொல்லை நான் எத்தனை தடவை கேட்டேன் என்று கணக்கு இல்லை. எப்போது வரும் என்று கேட்டால் தெரியாது. எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், தலைமை ஸ்டோரில் கேட்கிறோம். வந்ததும் கூப்பிடுகிறோம் என்பார்கள், கூப்பிட்டதில்லை. நான்தான் கூப்பிட்டேன். தீபாவளி அக்டோபர் 31-இல் வந்தது. வாசலில் கோலம் போட்டுவிட்டு நிமிர்ந்தால் டிராக்டர் நிற்கும் கொட்டகை காலியாகக் கிடந்தது. அப்பா அன்று அந்தப் பக்கம் போகவே இல்லை.

இரண்டு தடவையும் சேர்த்து வண்டி உங்களிடம் கிடந்த அந்த நாற்பது நாளில் நிலத்தில் என்ன நடந்தது என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். உங்கள் கணக்கில் அது ஒரு ஜாப் கார்டு. எங்கள் கணக்கில் அது மூன்று வெட்டு. செம்பனைக்கு உழைப்பாளர் தினமும் தெரியாது, சாமான் வரும் நாளும் தெரியாது. பதினான்கு நாளைக்கு ஒரு முறை குலை பழுத்து நிற்கும். வெட்டிய குலையை இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் மில்லுக்குச் சேர்க்க வேண்டும். பழம் அடிபட்ட நொடியிலிருந்து உள்ளே அமிலம் ஏறத் தொடங்குகிறது, எண்ணெயின் தரம் இறங்குகிறது. அதுவும் அக்டோபர், நவம்பர் எங்கள் பக்கம் மழைக்காலம். மழையும் நிறையக் காய்ப்பும் சேர்ந்து வரும் நேரம்.

முதல் இரண்டு வெட்டுக்கும் வேறொருவரின் டிராக்டரை டன்னுக்கு முப்பத்தைந்து வெள்ளி கொடுத்து வைத்தேன். மூன்றாவது வெட்டின்போது அவருக்கும் வேலை அதிகம், வர முடியவில்லை. ஒற்றைச் சக்கர வண்டியில் தள்ளினோம். ஒரு குலை பதினைந்து கிலோவிலிருந்து இருபது கிலோ. ஒரு தடவைக்கு ஐந்து குலைக்கு மேல் வைத்தால் அந்தச் சேற்றில் சக்கரம் நகராது. என்னோடு வேலை செய்பவர்கள் இரண்டு பேர், நான் ஒருத்தி. இருட்டும்வரை தள்ளியும் பாதிதான் ரோட்டோரம் வந்தது. மீதி இரண்டு ராத்திரி காட்டிலேயே கிடந்தது. மூன்றாம் நாள் ரேம்பில் கொண்டுபோய்க் கொட்டியபோது, தரம் பார்ப்பவர் கம்பால் இரண்டு குலையைப் புரட்டினார். காம்பைச் சுற்றிப் பழம் உதிர்ந்து வெறும் முள்ளாக நின்றது. கீழே கிடந்த உதிரி கறுத்து, தொட்டால் வழவழ என்று இருந்தது. அவர் ஒன்றும் சொல்லாமல் எடையில் கழித்து எழுதினார். நானும் ஒன்றும் சொல்லவில்லை. அது என் பழம் மட்டுமாக இருந்திருந்தால் பரவாயில்லை. பக்கத்து நிலத்து அம்மாவின் பழமும் அதில் இருந்தது. அவர் கணவரை இழந்தவர், மூன்று ஏக்கர்தான். "பரவால்லம்மா, நீ என்ன பண்ணுவ" என்று அவர் சொன்னது எனக்கு இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

நவம்பர் 23-இல் வண்டி வந்தது. பம்பு வாரண்டியில், கூலி 650 வெள்ளி. மறுநாளே மேட்டில் நின்றது.

அன்று சாயங்காலம் டவுனில் மோட்டார் சைக்கிள் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் ஒருவரைக் கூப்பிட்டேன். புல்வெட்டும் மெஷின், ஜெனரேட்டர் எல்லாம் பார்ப்பார். டிராக்டர் பார்த்துப் பழக்கமில்லை, சும்மா பார்க்கிறேன் என்று வந்தார். அவர் முதலில் செய்த வேலை, அப்பாவிடம் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, எப்படி நிற்கிறது என்று கேட்டது. அப்புறம் நிலத்துக்கு வந்து, டிரெய்லரில் பழத்தோடு பழமாக ஏறி நின்றுகொண்டு, "ஓட்டுங்க தங்கச்சி" என்றார். மேட்டில் நின்றது. இறங்கி வந்து என்னை எழுந்திருக்கச் சொன்னார். சீட்டைத் தூக்கி, கைப்பேசி விளக்கை அடித்தார்.

சீட்டுக்கு அடியில் ஒரு சிறிய சுவிட்ச் இருக்கிறது. ஓட்டுபவர் உட்கார்ந்திருக்கிறாரா என்று வண்டிக்குச் சொல்வது அதுதான். கியரில் இருக்கும்போதோ, பின்னால் பிடிஓ, அதாவது மாட்டிய கருவிகளை இயக்கும் தண்டு, சுற்றும்போதோ ஆள் சீட்டைவிட்டு எழுந்தால் எஞ்சினை நிறுத்திவிடும். அந்தச் சுவிட்சிலிருந்து வரும் வயர் சீட்டின் கீல் இருக்கும் இரும்புப் பட்டைக்கு அடியில் போகிறது. பட்டையின் விளிம்பு பட்டுப் பட்டு, வயரின் மேல்தோல் ஒரு அங்குல நீளத்துக்குத் தேய்ந்துபோயிருந்தது. உள்ளே செம்பு பச்சை பூத்து, இழைகள் எல்லாம் அறுந்து, மூன்றோ நான்கோதான் மிச்சம். பாரத்தோடு பள்ளத்தில் இறங்கும்போது சீட்டு அழுந்தும், பட்டை வயரை இழுக்கும், அந்த மூன்று இழையும் விட்டுப்போகும். ஆள் இறங்கிவிட்டார் என்று நினைத்து வண்டி தன்னை நிறுத்திக்கொள்ளும். நியூட்ரலில் போட்டால் அந்தச் சுவிட்சுக்கு வேலை இல்லை, அதனால் உடனே எடுக்கும். உங்கள் சிமெண்ட் தரையில், நியூட்ரலில், ஆளில்லாமல், இரண்டு மணி நேரம் அல்ல, இரண்டு வாரம் ஓடவிட்டாலும் அது நின்றிருக்காது.

அண்ணன் கெட்டுப்போன துண்டை வெட்டியெடுத்து, புது வயரை வைத்துப் பற்றவைத்து, மேலே உறை போட்டுச் சுருக்கி, பட்டையில் படாதபடி தள்ளிக் கட்டினார். நாற்பது நிமிடம். இருபது வெள்ளி வாங்கிக்கொண்டார். அதுவும் நான் பாக்கெட்டில் திணித்தது.

இத்தோடு முடிந்திருந்தால் நான் இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டேன். தவறு எல்லோருக்கும் நடக்கும். நான் அந்த வயரைப் படம் எடுத்து, எங்கே தேய்கிறது என்று வட்டம் போட்டு, உங்கள் சர்வீஸ் பகுதிக்கு வாட்சாப்பில் அனுப்பினேன். காசு கேட்டு அல்ல. இதே மாடல் வைத்திருக்கும் மற்றவர்களுக்கும் இதே இடத்தில் தேயும், அவர்களையாவது அலைய விடாதீர்கள் என்பதற்காக. இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. வெளி ஆள் வயரிங்கில் கைவைத்துவிட்டதால் இனி மின்சாரப் பகுதிக்கு வாரண்டி இல்லை.

படித்துவிட்டு ரொம்ப நேரம் படியிலேயே உட்கார்ந்திருந்தேன். நீங்கள் வர மாட்டீர்கள். வேறு யாரும் வரவும் கூடாது. அப்படியென்றால் பழம் பழுத்து நிற்கும்போது நான் என்ன செய்வது? இதுதான் உங்களிடம் நான் கேட்கும் கேள்வி. வாரண்டி என்பது ஒரு வாக்கு. வேறு யாரிடமும் போகாதே, நான் பார்த்துக்கொள்கிறேன் என்பதுதான் அதன் பொருள். முதல் பாதியை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டாம் பாதியை விட்டுவிட்டால், மிஞ்சுவது எங்கள் கையைக் கட்டிய கயிறு மட்டும்தான்.

இதில் ஆபத்தும் இருக்கிறது, அதை மறைக்க விரும்பவில்லை. வண்டி நின்றுகொண்டிருந்த நாட்களில் இரண்டு பேர் எனக்கு ஒரே யோசனை சொன்னார்கள்: அந்தச் சுவிட்சைக் கழற்றிவிட்டு இரண்டு வயரையும் முறுக்கிவிடு, அப்புறம் நிற்கவே நிற்காது. ஒருவர் தன் வண்டியில் அப்படித்தான் வைத்திருக்கிறார். நான் மறுத்துவிட்டேன். பிடிஓ தண்டு நிமிடத்துக்கு 540 சுற்று சுற்றுகிறது. சட்டை நுனி மாட்டினால் கையை இழுத்துக்கொள்ள நேரம் இருக்காது. மேட்டில் வண்டி சாய்ந்து ஆள் விழுந்தால் எஞ்சின் நிற்பதுதான் உயிர் காக்கும். ஆனால் மூன்று ஏக்கரை நம்பி வாழ்கிறவர், பழம் காட்டில் அழுகும்போது, நாற்பது நாள் காத்திருக்கச் சொன்னால் முறுக்கத்தான் செய்வார். அவர் கையில் அந்த வயரைக் கொடுப்பது உங்கள் தாமதம்தான்.

அப்பா வேலை செய்த காலத்தில் தோட்டத்துக்கே ஒரு பட்டறை இருந்தது. போர்மேன் இருப்பார், அவருக்குக் கீழே இரண்டு பையன்கள். சுவரில் ஆணி அடித்து, ஃபேன் பெல்ட்டும் ரப்பர் குழாயும் தொங்கும். அலமாரியில் ஃபில்டர்கள் எண் எழுதி அடுக்கியிருக்கும். வண்டி காட்டில் நின்றால் போர்மேன் சைக்கிளில் வந்துவிடுவார். வந்ததும் முதலில் டிரைவரிடம்தான் கேட்பாராம், என்ன சத்தம் கேட்டது, எப்போது கேட்டது என்று. அந்தப் பட்டறைகள் தோட்டங்களோடு போய்விட்டன. பெரிய கம்பெனிகள் இன்றும் சொந்தப் பட்டறை வைத்திருக்கின்றன, அவர்களுக்கு நீங்களும் ஓடி வருகிறீர்கள். ஐம்பது வண்டி வாங்குபவருக்கும் ஒரு வண்டி வாங்குபவருக்கும் வித்தியாசம் இருக்கும் என்பது புரிகிறது. ஆனால் அந்த ஐம்பதில் ஒன்று நின்றால் மீதி நாற்பத்தொன்பது ஓடும். எனக்கு இருப்பது ஒன்றுதான்.

சட்டத்தையும் பார்த்தேன். 1999-ஆம் வருடத்துப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 37-ஆவது பிரிவு, பொருளை விற்றவரும் தயாரித்தவரும் பழுதுபார்க்கும் வசதியும் உதிரிப் பாகங்களும் நியாயமான காலத்துக்குக் கிடைக்க நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது. ஒரு வேலையை நியாயமான நேரத்துக்குள் முடித்துத் தர வேண்டும் என்றும் அதே சட்டத்தில் இருக்கிறது. பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 2019 முதல் 50,000 வெள்ளி வரை கோரலாம். இதைப் படித்துத் தெம்பாகத்தான் இருந்தேன். அப்புறம்தான் பயனீட்டாளர் யார் என்ற விளக்கத்தைப் படித்தேன். சொந்த உபயோகத்துக்கோ வீட்டு உபயோகத்துக்கோ வழக்கமாக வாங்கும் பொருளை வாங்குபவர்தான் பயனீட்டாளர். டிராக்டரை யார் வீட்டு உபயோகத்துக்கு வாங்குகிறார்கள்? சாதம் வடிக்கும் குக்கர் கெட்டுப்போனால் எனக்கு இருக்கும் பாதுகாப்பு, சாதத்துக்கே வழி செய்யும் டிராக்டர் கெட்டுப்போனால் இருக்குமா என்று வாதாட வேண்டிய நிலை. இந்த ஓட்டை இருப்பது உங்களுக்கும் தெரியும் என்று நினைக்கிறேன். சட்டம் எழுதுபவர்கள் யாராவது இதைப் படித்தால், ஆறு ஏக்கர், மூன்று ஏக்கர் வைத்திருப்பவனையும் அந்த விளக்கத்துக்குள் கொண்டுவாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அமெரிக்காவில் கொலராடோ மாநிலம் 2023-இல் ஒரு சட்டம் போட்டது. விவசாய இயந்திரம் செய்யும் கம்பெனிகள் பாகங்களையும், கையேட்டையும், கருவிகளையும் உடைமையாளருக்கும் வெளி மெக்கானிக்குக்கும் கொடுக்க வேண்டும். 2024 ஜனவரி முதல் அது நடப்பில் இருக்கிறது. அங்கே முடிந்தது இங்கே முடியாது என்று நான் நம்பவில்லை.

ஆனால் சட்டம் வரும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. வண்டியைக் கொண்டுவருபவர் சொல்வதை முழுதாக எழுதுங்கள். அவர் பெண்ணாக இருந்தாலும், கிழவராக இருந்தாலும், மலாய் தட்டுத்தடுமாறிப் பேசுபவராக இருந்தாலும், அவர் சொல்லும் மேட்டையும் பள்ளத்தையும் ஜாப் கார்டில் எழுதுங்கள். வெறும் காகிதம், இன்னும் நான்கு வரி. அந்த நான்கு வரி இருந்திருந்தால் உங்கள் பம்பும் மிச்சம், என் மூன்று வெட்டும் மிச்சம்.

வயரிங் படத்தையும் பாகங்களின் புத்தகத்தையும் எங்களுக்குக் கொடுங்கள். இரண்டு தடவை கேட்டேன், டீலருக்கு மட்டும்தான் என்றார்கள். காசு கொடுத்து வாங்கிய வண்டிக்குள் எந்த வயர் எங்கே போகிறது என்று தெரிந்துகொள்ள எனக்கு உரிமை இல்லையா?

அதைவிட முக்கியமானது இது. எங்கள் மாதிரி ஒவ்வொரு தோட்டப் பட்டணத்திலும் ஒரு பட்டறையை உங்களுடையதாக ஏற்றுக்கொள்ளுங்கள். ஒரு வாரம் அழைத்துப் பயிற்சி கொடுங்கள். ஃபில்டர், பெல்ட், சுவிட்ச், ஃபியூஸ், சீல் என்று அடிக்கடி போகும் சாமான்களை அங்கே ஓர் அலமாரியில் வையுங்கள். பெரிய வேலை உங்களிடம் வரட்டும். சின்ன வேலையை அவர் முடிக்கட்டும், வாரண்டி போகாமல். அலமாரிக்குப் பணம் போட யோசனையாக இருந்தால் எங்களைக் கேளுங்கள். இந்த வட்டாரத்தில் சின்ன டிராக்டர் வைத்திருக்கும் பதினோரு பேரிடம் பேசிவிட்டேன். ஆளுக்கு இருநூறு வெள்ளி போட எல்லோரும் தயார். இது முன்னாள் அமைச்சர் துன் சம்பந்தனின் ஊர். தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுக்கொண்டிருந்த காலத்தில், 1960-இல், தொழிலாளர்களிடம் சிறு சிறு தொகையாகச் சேர்த்துத் தோட்டத்தையே வாங்கத் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியவர் அவர். ஒரு அலமாரி சாமானுக்குச் சேர்ந்து பணம் போட எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நீங்கள் சாமானை விற்கச் சம்மதித்தால் போதும்.

கணக்கையும் வைத்துவிடுகிறேன். லாரிக்கு நான்கு நடை 1,200 வெள்ளி. பில் 420, கூலி 650. வாடகை டிராக்டருக்கு ஏறக்குறைய ஐந்நூறு. ரேம்பில் கழித்தது தனி. இதில் நான் திருப்பிக் கேட்பது அந்த 420-ஐயும் 650-ஐயும் மட்டும்தான். டீசலிலும் கோளாறு இல்லை, பம்பிலும் கோளாறு இல்லை என்று ஆன பிறகு அதற்கு நான் எதற்குக் காசு கட்ட வேண்டும்? எழுத்துமூலம் கேட்டிருக்கிறேன். ரசீதுகளின் நகலும் இணைத்திருக்கிறேன். இதுவரை பதில் இல்லை. வாரண்டி 2025 ஜனவரியோடு முடிந்துவிட்டது.

வயரை மாற்றிய பிறகு வண்டி ஒரு தடவைகூட நிற்கவில்லை. வெட்டியெடுத்த அந்த அங்குல வயரை ஒரு சின்னப் போத்தலில் போட்டு, அந்தப் பிஸ்கட் டின்னில் ரசீதுகளோடு வைத்திருக்கிறேன். உங்கள் சர்வீஸ் மேலாளர் யாராவது வந்தால் கையில் கொடுக்கிறேன். அடுத்த வெட்டு பதினான்காம் தேதி, காலை ஏழு மணிக்குத் தொடங்குவோம். டிரெய்லரில் ஏறி அந்த மேட்டைப் பார்க்கலாம். அப்பாவும் வீட்டில்தான் இருப்பார். அவருக்கு வலது காதுப் பக்கம் உட்கார்ந்து கொஞ்சம் சத்தமாகப் பேச வேண்டும்.

இப்படிக்கு,
ஆறு ஏக்கர் செம்பனைக்காரி,
சுங்கை சிப்புட், பேரா